தெரிந்தே வைத்த கைநாட்டு

வட்டக்கச்சி,
09.11.2023

மதிப்புக்குரிய அருந்ததி அம்மாவுக்கு,

மூக்கன் எழுதுகிறேன். உங்கள் வயலில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த மூக்கன்தான். வேறு ஆள் எழுதித் தரவில்லை. எங்கள் ஜெப சபை மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் கமலாசனி என்ற பிள்ளை பெரியவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறார். எட்டு மாதமாகப் போகிறேன். எழுபத்து மூன்று வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது அம்மா. இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள் பிடித்தது. 'ஞ' வரும் இடத்தில் மட்டும் கை வியர்க்கிறது. முற்றுப்புள்ளிகூட நானே வைத்தது.

இப்போது எதைக் கண்டாலும் வாசிக்கிறேன். சவர்க்கார உறை, பஸ் பலகை, செத்த வீட்டு நோட்டீஸ், எல்லாம். ஒருநாள் கிளிநொச்சி பஸ்ஸில் கடைப் பெயர்களை வாய்விட்டு வாசித்துக்கொண்டு போனேன். கண்டக்டர் வந்து, "ஐயா, இறங்கிற இடத்தை நான் சொல்லட்டோ, நீங்களே சொல்லுறியளோ?" என்று கேட்டான். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

போன திங்கட்கிழமை கிராம அலுவலரின் கந்தோருக்குப் போனேன். சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. அதில் 'மூக்கன்' என்று இருந்தது. என் பெயரை அச்செழுத்தில் நான் கண்டது அதுதான் முதல் தடவை. விரலால் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு சந்தோசம். பிறகு, பெயருக்கு மேலே இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். அரை மணித்தியாலம் ஆனது. வாசித்து முடிந்ததும் கந்தோர்த் தரையிலேயே குந்திவிட்டேன்.

அதில் இருந்தது இதுதான். காலஞ்சென்ற யோகலிங்கம் ஐயாவின் மூன்று ஏக்கர் வயலை ஐந்து வருடமாக ஒருவரும் செய்யவில்லையாம். அவருடைய மனைவி நிரந்தரமாக வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாராம். ஆகவே அரசாங்கம் அவருக்குத் தந்த உத்தரவுப் பத்திரத்தை நீக்கி, காணியைப் பக்கத்து வயல்காரர் குகதாசனுக்குக் கொடுக்க வேண்டும் என்று விண்ணப்பம். அது உண்மை என்று மூன்று சாட்சிகள். அதில் ஒரு சாட்சி நான். ஆட்சேபம் உள்ளவர்கள் டிசம்பர் 31க்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

வாய்க்கால் திருத்த வேலைக்கு என்று சொல்லித்தான் குகதாசன் என்னிடம் கைநாட்டு வாங்கினார் அம்மா. அப்போது எனக்கு வாசிக்கத் தெரியாது. ஐயா செத்த பிறகு, நாடு முழுக்க டீசலும் வயலுக்குப் போடும் பசளையும் இல்லாத காலத்தில், இரண்டு போகம்தான் வயல் சும்மா கிடந்தது. அதற்கு முந்திய எல்லாப் போகமும் அதில் விதைத்தவன் நானே.

தபால்காரரிடம் கேட்டு உங்கள் மகள் சிவரூபி ரீச்சரின் விலாசத்தை எடுத்தேன். போனில் சொல்லலாமே என்றார் கமலாசனி. பிழை கடதாசியில் நடந்தது, அதைக் கடதாசியில்தான் திருத்த வேண்டும் என்று எனக்குப் பட்டது.

உடனே ஆட்சேபம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மூக்கன்


கொக்கிளாய்,
20.11.2023

மூக்கனுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. முதலில் இது குகதாசனின் இன்னொரு விளையாட்டு என்று நினைத்தேன். சிவரூபிதான் எழுத்தைப் பார்த்துவிட்டு, "இப்பிடி நடுங்கி நடுங்கி ஒருத்தரும் கள்ளக் கடிதம் எழுதேலாது அம்மா" என்றாள்.

ஆட்சேபத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பலன் இருக்குமோ தெரியாது. வயல் செய்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். வீட்டுக்காரர் வைத்திருந்த, பசளை வாங்கிய துண்டுகளையும் ரசீதுகளையும் கறையான் தின்றுவிட்டது. அந்த வயலை யார் செய்தார்கள் என்று சொல்லக்கூடிய ஆள் நீர் ஒருவர்தான். நீரோ மற்றப் பக்கத்துச் சாட்சி.

உம்மிடம் ஒன்று கேட்கிறேன். வாய்க்கால் திருத்துவதற்கு எதற்குச் சாட்சி? இத்தனை வருடத்தில் எத்தனை வாய்க்கால் வேலைக்கு உம்மிடம் கைநாட்டு வாங்கினார்கள்? மண்வெட்டியோடு வா என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதானே. குகதாசனுக்கு எங்கள் வயலில் எவ்வளவு காலமாகக் கண் என்று உமக்குத் தெரியாதா? வாய்க்காலில் தண்ணீர் முதலில் எங்களுக்கு ஏறும், எங்களுக்குப் பின்னால்தான் அவருக்கு.

மருமகன் நல்லவர். ஆனாலும் அவர் வீட்டில் கதிரை இழுத்துப் போட்டு இருப்பதென்றாலும் இடம் பார்த்துத்தான் இருக்கிறேன். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவள் திரும்பிப் போக எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் இங்கே தலை நிமிர்ந்து நிற்கிறேன். அதற்குத்தான் நீர் பெருவிரலை வைத்தீர்.

வீட்டுக்காரர் கடைசி நாட்களில், நினைவு தப்பிய நேரத்திலும், "மூக்கன் தண்ணி கட்டிட்டானோ?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நீர் எழுத்துப் பழகியது நல்லது. மன்னிப்புக் கேட்க வேண்டாம். கேட்டாலும் தர என்னிடம் இல்லை.

யோ. அருந்ததி


வட்டக்கச்சி,
10.12.2023

அருந்ததி அம்மாவுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத மூன்று கடதாசி கிழித்தேன். இது நான்காவது.

போதகரிடம் போனேன். "வாசிக்கத் தெரியாமல் செய்ததுதானே அண்ணை, ஆண்டவர் அறிவார்" என்று சொல்லி, தலையில் கை வைத்து ஜெபித்தார். வீட்டுக்கு வந்து, திரும்பவும் கடதாசியை எடுத்தேன். ஏனென்றால் போதகரிடம் நான் முழுதும் சொல்லவில்லை.

உங்களுக்குச் சொல்கிறேன். குகதாசன் தன் வீட்டு முற்றத்தில் வைத்துப் பேப்பரை நீட்டினார். குசினிக்குள் இருந்து அவருடைய மனைவி சாரங்கா, "அந்த மனுசி புருசனும் இல்லாமல் நிக்குது. ஏனப்பா உந்த வேலை?" என்று கேட்டா. குகதாசன் அவவை உள்ளே போகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "மூக்கண்ணை, இது வாய்க்கால் விசயம். சரியோ?" என்றார்.

"ஓம் தம்பி, வாய்க்கால் விசயம்" என்றேன்.

இரண்டு பேருக்கும் தெரியும் அம்மா. தெரிந்தே வைத்தேன்.

அதற்கு இரண்டு காரணம். சண்டை முடிந்து அகதி முகாமால் வந்த காலத்தில் என் மனைவியும் இல்லை, நிற்க நிழலும் இல்லை. குகதாசன்தான் தன் வளவு மூலையில் கொட்டில் போட இடம் தந்து, நாலு தகரமும் தந்தார். பதின்மூன்று வருடம் அங்கே இருக்கிறேன். அந்த நன்றி ஒன்று.

மற்றக் காரணம் உங்கள் வேலிக்கட்டையில் தொங்கிய அலுமினியப் பேணி. ஐயா வயலில் என்னோடு ஒரே சட்டியில் இருந்து சாப்பிடுவார். வீட்டுக்கு வந்தால் எனக்கு அந்தப் பேணியில்தான் தேத்தண்ணீர். குடித்து, நானே கழுவி, நானே தொங்கவிட வேண்டும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவனுக்கு அப்படித்தான் என்று நினைத்து நான் ஒருநாளும் வாய் திறந்து கேட்கவில்லை. பெருவிரலை மையில் வைக்கும்போது அந்தப் பேணிதான் கண்ணில் நின்றது.

முகாமில் என் காலில் ஒரு புண். புழு வைத்துவிட்டது. மணம் பொறுக்காமல் பக்கத்துக் கூடாரத்துச் சனம் எழும்பிப் போனது. சபையில் இருந்து வந்த ஒரு சகோதரி இரண்டு மாதம் தன் கையால் அதைக் கழுவினார். ஒரு நாள்கூட என்னை ஜெபத்துக்குக் கூப்பிடவில்லை. நான்தான் அவருக்குப் பின்னால் போனேன். அவர் யாரை நினைத்து அதைச் செய்தாரோ, அவரைத்தான் நானும் கும்பிடுகிறேன் என்று பதின்மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். புண் கழுவிய மனுசியின் கையையும் என் பெருவிரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வெட்கம்.

விசாரணைக்கு வருவேன். தெரியாமல் வைத்தேன் என்று சொன்னால் போதும் என்கிறார்கள். தெரிந்தே வைத்தேன் என்றுதான் சொல்வேன்.

மூக்கன்


கொக்கிளாய்,
02.01.2024

மூக்கனுக்கு,

இந்தக் கடிதத்தைச் சிவரூபிக்குக் காட்டவில்லை.

முதலில் வந்தது கோபம். ஒரு பேணிக்கு மூன்று ஏக்கரா என்று இரண்டு நாள் எனக்குள்ளே சண்டை பிடித்தேன். பிறகு, அது மாமி தொங்கவிட்ட பேணி என்று உமக்கு எழுதத் தொடங்கினேன். எழுதியதை வெட்டிவிட்டேன். மாமி செத்துப் பதினெட்டு வருடம்.

சண்டையின் கடைசியில், மாத்தளனில், பதுங்குகுழிக்குள் யாரோ ஒரு போத்தலில் தண்ணீர் நீட்டினார்கள். யார், எவர் என்று கேட்கவில்லை. எனக்கு முன்னே எத்தனை வாய் பட்டதோ. குடித்தேன், உயிர் வந்தது. முகாமால் ஊருக்குத் திரும்பி, வீட்டுக்குக் கூரை போட முதல், கிளிநொச்சிச் சந்தையில் ஒரு பேணி வாங்கி வேலியில் தொங்கவிட்டேன். பழையது சண்டையோடு போய்விட்டது. ஒருவரும் சொல்லாமல், நானாகத்தான் புதிது வாங்கினேன் மூக்கன். இதை என்னால் விளங்கப்படுத்த முடியவில்லை. எனக்கே முடியவில்லை.

விசாரணை பெப்ரவரி 14, காலை பத்து மணிக்கு. நீர் உண்மையைச் சொன்னால் குகதாசன் உம்மை வளவைவிட்டு எழுப்பிவிடுவார். வர வேண்டாம் என்று எழுத மனம் இல்லை. வாரும் என்று எழுத முகம் இல்லை.

அருந்ததி


வட்டக்கச்சி,
21.01.2024

அருந்ததி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரே இருப்பில் வாசித்துவிட்டேன். முன்பு உங்கள் எழுத்துக்கு இரண்டு நாள் வேண்டும். கமலாசனி என் தோளில் தட்டினார்.

பேணியைப் பற்றி நல்ல வசனம் ஒன்று எழுத ஆசைப்பட்டேன். வரவில்லை. கோபம் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது. விடிய எழும்பி உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். சொல்லும்போது இறங்குகிறது, பின்னேரம் திரும்பவும் ஏறுகிறது. நாளைக்கும் சொல்வேன்.

நேற்று குகதாசனிடம் போய், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று முன்னமே சொன்னேன். உப்பைத் தின்றுவிட்டு, விசாரணையில் வைத்து ஆளைத் திடுக்கிட வைக்கக் கூடாது. கையில் இருந்த மண்வெட்டியை அவர் சுவரில் சாத்தினார். பிறகு, "சோறு போட்ட வீட்டுக்கு நல்லாச் செய்யிறியள் மூக்கண்ணை" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது அம்மா. அவருக்கு நான் கடமைப்பட்டவன்தான். அதை உங்கள் வயலால் தீர்க்கக் கூடாது என்பதுதான் கதை.

மூக்கன்


கொக்கிளாய்,
17.02.2024

மூக்கன் அண்ணைக்கு,

விசாரணையில் உங்களோடு கதைக்காமல் பஸ் ஏறிவிட்டேன். கதைத்தால் அழுதுவிடுவேன் என்ற பயம். ஆகவே எழுதுகிறேன்.

நான் பின் வரிசை வாங்கிலில் இருந்தேன். அந்த அலுவலர் பிள்ளை உங்களுக்கு நல்ல வழி காட்டியது. "ஐயா, அப்ப உங்களுக்கு வாசிக்கத் தெரியாதுதானே. தெரியாமல் வைச்சது எண்டு எழுதுவம். உங்களுக்கும் பிரச்சினை வராது" என்றது. நீங்கள் அப்படியே தலையாட்டியிருந்தால் என் அலுவல் முடிந்திருக்கும். தலையாட்டிவிடுங்கள் என்று மனதுக்குள் நானும் கும்பிட்டேன். நீங்கள், "இல்லைப் பிள்ளை. எனக்குத் தெரியும்" என்றீர்கள்.

குகதாசன் எழும்பி, பெயர் எழுதத் தெரியாத மனுசனுக்கு ஆரோ சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று சத்தம் போட்டார். நீங்கள் பேனை கேட்டீர்கள்.

நாற்பது நிமிடம் அண்ணை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எந்தெந்தப் போகம் எந்த நெல் விதைத்தது, எந்த வருடம் வெள்ளத்தில் போனது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுதினீர்கள். பின்னால் ஒருவர், "ஐயா, அடுத்த போகம் வரப்போகுது" என்று முணுமுணுத்தார். அலுவலர் பிள்ளை அவரைப் பார்த்த பார்வையில் அவர் வெளியே போய்விட்டார். முடிந்ததும் அந்தப் பிள்ளை பழக்கத்தில் மைப்பெட்டியைத் தள்ளியது. நீங்கள் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுக் கையெழுத்து வைத்தீர்கள். உங்கள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து, இவருக்கு வீடு போகப்போவது தெரியவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

தெரிந்துதான் இருந்தது என்று இப்போது விளங்குகிறது. மறுநாளே குகதாசன் கொட்டிலைப் பிரித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பொய்ச் சாட்சிக்கு நடவடிக்கை வரலாம் என்றும் சொல்கிறார்கள். வந்தால் உங்கள் பக்கத்து வாங்கிலில் நானும் வந்து இருப்பேன்.

இதனோடு என் வட்டக்கச்சி வீட்டுக் கதவின் திறப்பு இருக்கிறது. அங்கே இருங்கள். முன் வாசலால் போங்கள். அலுமாரியில் இருக்கும் எந்தக் கோப்பையிலும் குடியுங்கள். இன்னொன்று, அம்மா என்று எழுத வேண்டாம். நான் உங்களுக்கு ஒன்பது வயது இளையவள்.

அருந்ததி


வட்டக்கச்சி,
12.07.2024

அருந்ததித் தங்கச்சிக்கு,

இப்படி எழுதக் கை இன்னும் கூசுகிறது. பழகும்.

சித்திரையில் காணி உங்களுக்கே என்று கடிதம் வந்த பிறகு, நீங்கள் விதைப்புக்கு வந்தபோது நான் திறப்பைத் திருப்பித் தந்தேன். நீங்கள் கோபித்தீர்கள். உங்கள் வீட்டில் நான் இருந்தால், வீட்டுக்காகத்தான் மூக்கன் மாற்றிச் சொன்னான் என்று ஊர் சொல்லும். பிறகு அந்த நாற்பது நிமிடத்துக்கு என்ன மதிப்பு? சபை மண்டபத்துப் பின் அறை எனக்குப் போதும். பொய்ச் சாட்சிக்கு ஓர் எச்சரிக்கையோடு என்னை விட்டும் விட்டார்கள். உங்கள் வயலைப் பங்குக்குச் செய்யத் தந்தீர்கள், அது வேலை, அதை வாங்கிக்கொண்டேன். நெல் நன்றாக நிற்கிறது. விதைப்பு அன்றைக்கு உங்கள் குசினியில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு கதையும் கதைக்கவில்லை. அதுவும் நல்லதுதான்.

இப்போது ஒரு கஷ்டமான விசயம்.

குகதாசனின் உழவு இயந்திரம் போன மாதம் புரண்டுவிட்டது. இடுப்பெலும்பு உடைந்து ஆசுப்பத்திரியில் கிடக்கிறார். மகன் வெளிநாட்டில். சாரங்கா ஆசுப்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் அவர்களுடைய தண்ணீர் முறை தவறிப்போனது. குளத்தில் தண்ணீர் குறைவு, அடுத்த முறைக்கு இன்னும் இரண்டு கிழமை. அவர்களுடைய நெல் குடலையில் நிற்கிறது. கதிர் வெளியே வர முதல் தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் பதர்.

சாரங்கா சபை வாசலில் வந்து நின்றா. "அண்ணை, உங்களிட்டைக் கேக்க எனக்கு வாய் இல்லை" என்றா. அழுதுவிட்டுப் போனா.

உங்கள் முறை இருபதாம் திகதி, சனிக்கிழமை. ஆறு மணித்தியாலத் தண்ணீர். அதில் இரண்டு மணித்தியாலத்தை, வரம்பில் வக்கடை வெட்டிக் கீழே விட்டால் அவர்களுடைய நெல் பிழைக்கும். உங்கள் விளைச்சல் சற்றுக் குறையும். குறைவதை என் பங்கில் போடலாம். ஆனால் தண்ணீர் உங்களுடையது. கேட்காமல் விட்டால் களவு. உங்களுக்கு அவர் செய்ததை மறந்துவிடுங்கள் என்று நான் எழுதவில்லை. எழுத எனக்கு உரிமையும் இல்லை, அதில் நானும் ஒருவன்.

போனில் கேட்டால் அந்த நிமிடமே மாட்டேன் என்பீர்கள். கடிதம் என்றால் இரண்டு நாள் கையில் வைத்திருப்பீர்கள். மாட்டேன் என்று எழுதினாலும் உங்கள் வயலை இதே போலத்தான் பார்ப்பேன்.

மூக்கன்


கொக்கிளாய்,
16.07.2024

மூக்கன் அண்ணைக்கு,

கடிதம் நேற்று வந்தது. வாசித்துவிட்டு அடுப்புக்குள் போடப் போனேன். சிவரூபி பறித்து வாசித்துவிட்டு, "அந்த மனுசனுக்கென்ன விசரோ?" என்றாள். ஓம், விசர்தான் என்றேன்.

நீங்கள் நினைத்தது போல இரண்டு நாள் ஆகவில்லை, ஓர் இரவுதான். ஒரு பக்கம் முழுக்க மாட்டேன் என்று எழுதினேன். நல்ல கடிதம் அது. புருசன் செத்து வருடம் திரும்ப முதல் என் காணிக்கு மனுப் போட்டவனுக்கு, முதியவரான உங்களை மாசிப் பனியில் தெருவில் விட்டவனுக்கு, என் தண்ணீரில் ஒரு சொட்டும் இல்லை என்று நியாயமாக எழுதியிருந்தேன். அதில் ஒரு வரியைக்கூட நீங்கள் மறுத்து எழுதமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அனுப்ப முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். சனிக்கிழமை வக்கடையை நீங்கள் வெட்ட வேண்டாம். உங்கள் பங்கிலும் ஒன்றும் குறைக்க வேண்டாம். என் வயல், என் தண்ணீர், நான்தான் வெட்டுவேன்.

எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை அண்ணை. இதைத் தெளிவாக எழுதிவைக்கிறேன். மனம் வந்த பிறகுதான் செய்ய வேண்டும் என்று உங்கள் ஆண்டவர் சொல்கிறாரோ தெரியாது. எனக்கு மனம் வர ஒரு வருடமாவது பிடிக்கும். குடலையில் நிற்கும் நெல் அதுவரை காத்திருக்காது.

சாரங்கா நன்றி சொல்ல வரக்கூடாது. அதை நான் தாங்கமாட்டேன், அவவுக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டு மணித்தியாலமும் நீங்கள் வரம்பில் என் பக்கத்தில் நில்லுங்கள். வெட்டி முடிந்ததும் மண்வெட்டியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் வக்கடையை அடைக்க என்று நான் கேட்டாலும் தர வேண்டாம்.

அருந்ததி